ஒரு நிமிடம், இந்தப் பிரமாணத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

வந்த கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். விளவங்கோடு தாலுகாவில் பூர்வீக வீடு. அப்பா இறந்த பிறகு, மச்சில் கிடந்த தகரப் பெட்டியிலிருந்து மலையாளத்தில் எழுதிய பழைய பிரமாணங்கள், அதாவது நிலப் பத்திரங்கள், ஒரு கட்டு கிடைத்திருக்கின்றன. கேட்டவர் வேலை பார்ப்பது பெங்களூரில். ஊரில் பழைய மலையாளக் கையெழுத்து வாசிக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் இருக்கிறார்; ஓய்வுபெற்ற ஆசிரியர், தூரத்து உறவில் பாட்டா முறை. விடுமுறையில் இரண்டு தடவை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார் கேட்டவர். முதல் தடவை “பிறகு பார்ப்போம் மக்களே” என்று பாட்டா சொல்லிவிட்டார். இரண்டாம் தடவை, “தூங்குகிறார்” என்று பாட்டி வாசலிலேயே சொல்லிவிட்டார், முகம் கொடுத்துப் பேசவில்லை. பெங்களூருக்குத் திரும்பியதும் 43 படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. நான் என்ன தவறு செய்தேன், எப்படிக் கேட்டிருக்க வேண்டும், பணம் கொடுத்தால் அவமானமாக எடுத்துக்கொள்வாரா என்பவை கேள்விகள். வாலில் இன்னொன்றும் இருக்கிறது: ஒரு பிரமாணத்தின் வெளிப்பக்கம் யாரோ பென்சிலால் ‘1098 மகரம் 12’ என்று எழுதியிருக்கிறார்கள், அது எந்த ஆண்டு?

நான் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் அப்பா தக்கலைப் பக்கம் ஆதாரம் (பத்திரம்) எழுதியவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மலையாளக் கையெழுத்து பழகி, பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நானும் அதே தொழிலில் இருந்தேன். எழுதுவதை நிறுத்தி நாளாயிற்று. வாசிப்பதை ஊரார் நிறுத்த விடவில்லை. ஆகவே நீங்கள் தட்டிய கதவுக்கு உள்ளே இருக்கும் ஆளாகத்தான் பேசுகிறேன். உங்கள் பாட்டாவுக்காகப் பரிந்து பேசுவதாகத் தோன்றினால் அதுவும் சரிதான்.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அதற்கு முன் எழுதிய பிரமாணங்களில் ஏராளமானவை மலையாளத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் பள்ளியில் மலையாளம் படித்த பிள்ளைக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. அச்சு மலையாளம் வாசிப்பவர்கள் எல்லையோர ஊர்களில் இன்றும் நிறையப் பேர் உண்டு. நூறு வருடத்துக்கு முந்திய எழுத்துக்காரரின் கையெழுத்தை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், அவர்களில் பெரும்பாலோர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் நிலம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. விற்க, பங்கு வைக்க, வங்கியில் கடன் வாங்க, எதற்கும் முன்னாதாரம், அதாவது முந்திய பத்திரம், கேட்கிறார்கள். உங்களுக்கு அந்தப் பாட்டா ஒருவர். அவருக்கு நீங்கள் இந்த மாதத்தில் எத்தனையாவது ஆள் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு மாதம் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். நான் விளம்பரப் பலகை எதுவும் வைக்கவில்லை.

வருகிற எல்லாரும் ஒரே வார்த்தையோடுதான் வருகிறார்கள்: “ஒரு நிமிடம்தான்.” அந்த நிமிடத்தை அளந்தவர் யார் என்பதுதான் என் முதல் வழக்கு. தேங்காய் பறிக்க ஆள் கூப்பிட்டால் எத்தனை மரம் என்று நாம் சொல்கிறோம், எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஏறுகிறவர் சொல்கிறார். வாசிக்கிறவரிடம் மட்டும் நேரத்தையும் நாமே சொல்லிவிடுகிறோம்.

ஒரு பிரமாணத்தை வாசிப்பது எப்படி என்று கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், பிறகு நீங்களே கணக்குப் போடுங்கள். போன மாதம் ஒன்று வந்தது. எட்டாக மடித்த தாள், தலைப்பில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை, ஒரு மடிப்பில் கறையான் ஊர்ந்த தடம். அதை விரிப்பதற்கே கால் மணி நேரம் ஆயிற்று. நம் ஊரில் இடவப்பாதி, துலாமழை என்று வருடத்தில் இரண்டு மழை. தாள் நமுத்துப்போன நாளில் அவசரமாக விரித்தால் மடிப்போடு துண்டாகிவிடும், சர்வே எண் பெரும்பாலும் அந்த மடிப்பில்தான் இருக்கும். (எப்படித்தான் அங்கேயே போய் உட்காருமோ!) என் வீட்டுக் கிழக்குச் சன்னலில் காலை ஒன்பது முதல் பதினொன்று வரை நல்ல வெளிச்சம். லென்ஸை வைத்துக்கொண்டு முதல் பத்து வரியைக் கடக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. ஏனென்றால் தொடக்கத்தில் நான் வாசிப்பது எழுதியவரின் கையை. இவர் சுழியை எந்தப் பக்கம் இழுக்கிறார், இரண்டு எழுத்தைச் சேர்க்கும்போது எதை விழுங்குகிறார் என்பது பிடிபட வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. தோட்ட நிலமானால் ‘புரயிடம்’ என்ற சொல் எங்கேயாவது வந்தே தீரும். அதைத் தேடிப் பிடித்தால் சில எழுத்துகள் கைக்கு வந்துவிடும். நான்கு எல்லை சொல்லாத பிரமாணம் கிடையாது. நான்கு திசைகளின் பெயர்களைக் கண்டுபிடித்தால் இன்னும் சில எழுத்துகள். தொகை எழுதிய இடத்தில் ‘சக்கரம்’ என்ற சொல் கிடைக்கும். ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம், ஒரு சக்கரத்துக்கு 16 காசு என்ற கணக்கு தெரிந்தால், அழிந்துபோன எண்ணைக்கூட சில நேரம் ஊகித்துச் சரிபார்த்துவிடலாம். இப்படி அந்தக் கை பழகிய பிறகு மீதி மூன்று பக்கமும் இருபது நிமிடத்தில் ஓடிவிட்டன.

இப்போது உங்கள் 43 படங்களுக்கு வருவோம். அவற்றில் ஏழெட்டு எழுத்துக்காரர்களின் கை இருக்கும். எந்தப் படம் எந்தப் பிரமாணத்தின் எத்தனையாவது பக்கம் என்று அவருக்குத் தெரியாது. சில தலைகீழாக இருக்கும், சிலவற்றில் உங்கள் கட்டைவிரல் விழுந்திருக்கும். எண்பதை ஒட்டிய ஒருவர் உள்ளங்கை அளவுத் திரையில் அவற்றை நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். அவர் அதைத் திறந்து பார்த்திருக்கிறார், அதுதான் நீலக் குறி. திறந்ததும் எங்கே தொடங்குவது என்று மலைத்து மூடி வைத்திருப்பார். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். மூடி வைத்தாலும் அது கடன் மாதிரி அங்கேயே கிடக்கும். போனைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். பிறகு உங்கள் பெயரைப் பார்த்தாலே மனம் சுணங்கும். அவர் உங்களை வெறுக்கவில்லை, அந்தக் குவியலைக் கண்டு ஒதுங்குகிறார்.

நேரம் மட்டுமே பிரச்சினை என்றால் எப்படியாவது ஒதுக்கிவிடலாம். சொன்ன சொல்லுக்கு யார் பொறுப்பு என்பது அதைவிடக் கனமான விஷயம், கேட்கிறவர்கள் இதை நினைப்பதே இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் நடந்தது. பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன், ஏற வேண்டிய பஸ் வந்து நிற்கிறது. தெரிந்த ஒருவர் ஓடி வந்து ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டி, “அண்ணாச்சி, இது விலையா ஒற்றியா, அது மட்டும் சொல்லுங்கள்” என்றார். ஒரு கால் படியில் இருக்க, தாளைப் பார்த்தேன். விலை என்றால் நிலத்தை விற்றது, ஒற்றி என்றால் கடனுக்கு ஈடாக அனுபவிக்கக் கொடுத்தது. ‘ஒற்றி’ என்ற சொல் இரண்டு இடத்தில் தெளிவாகத் தெரிந்தது. “ஒற்றி மாதிரித்தான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். அவர் அதை வைத்துக்கொண்டு பெரியப்பா மகன் வீட்டுக்குப் போய், உங்களுக்கு நிலம் சொந்தமே இல்லை, ஒற்றிக்குத்தான் வைத்திருந்தீர்கள் என்று சண்டை போட்டிருக்கிறார். அடுத்த பக்கம் அவர் கையிலேயே இல்லை. அதில் என்ன இருந்தது தெரியுமா? முன்பு இருந்த ஒற்றிப் பணத்தைக் கழித்துக்கொண்டு, மீதித் தொகையைக் கொடுத்து, நிலத்தை முழுவதுமாக விலைக்கு வாங்கிய விவரம். விலை ஆதாரம் எழுதும்போது பழைய கதையை முதலில் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். நான் பார்த்தது பழைய கதையை. இரண்டு குடும்பமும் ஒரு வருடம் பேசவில்லை. இரண்டு பேரும் என்னிடம் வந்து சொன்னது ஒன்றே: “நீங்கள்தானே சொன்னீர்கள்.”

தப்பு என்னுடையதுதான். ‘மாதிரி’ என்று சொன்னேன் என்பதெல்லாம் சால்ஜாப்பு. அன்று முதல் நின்றுகொண்டு எதையும் வாசிப்பதில்லை, முழுப் பிரமாணம் இல்லாமல் வாய் திறப்பதில்லை. இதைக் கர்வம் என்று சொல்கிறவர்கள் உண்டு, சொல்லட்டும். உங்கள் பாட்டாவின் “பிறகு பார்ப்போம்” என்ற சொல்லுக்குப் பின்னாலும் இப்படி ஒரு பஸ் நிலையம் இருக்கக்கூடும்.

கல்யாண வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனம் ஆறாது. என் மகளின் கல்யாணம். நான் பெண்ணைப் பெற்றவன். கடைசிப் பந்தியில்தான் உட்கார முடிந்தது. இலையில் அவியலும் எரிசேரியும் விழுந்து, பருப்பும் நெய்யும் ஊற்றி, பப்படத்தை எடுத்து நொறுக்கப் போகிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, சாம்பார் வாளி வருவதற்குள் விரித்து, இலைக்கும் என் முகத்துக்கும் நடுவே பிடித்தார். “இதைவிட்டால் உங்களைப் பிடிக்க முடியாது.” பிடிப்பது என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கல்யாணம், துஷ்டி வீடு, ஆஸ்பத்திரி வரிசை, ஆலய வாசல், எங்கே கண்டாலும் பிடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் இதே கதிதான். மின்சார வேலை தெரிந்த பையன் எந்த வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் ஒரு மின்விசிறி அவனுக்காகக் காத்திருக்கிறது.

நம் பகுதியில் இதற்கு ஒழுங்கு இல்லாமல் இருந்ததில்லை. வர்ம ஆசானிடம் படிக்கப் போகிறவர் வெற்றிலை, பாக்கு, ஒரு நாணயம் வைத்துத் தொடங்குவது வழக்கம். அந்தத் தட்சிணையின் மதிப்பு ஒன்றுமில்லை. ஆனால் அது ஒரு வாசல். இந்த நொடியிலிருந்து நான் கேட்கிறவன், நீங்கள் சொல்கிறவர் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். ஆசான் அந்த வெற்றிலையை எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். எடுக்காவிட்டால் போய்விட்டு வா என்று அர்த்தம். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். நாம் இப்போது வாசலை எடுத்துவிட்டு நேரே அடுக்களை வரை போய்விடுகிறோம்.

அடுக்களை என்றதும் உங்கள் பாட்டியின் நினைவு வருகிறது. அவர் முகம் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லாமல் வருகிற ஒவ்வொருவருக்கும் கட்டன் சாயா போடுகிறவர் அவர்தான். கணவர் மத்தியானம் படுக்க முடியாமல் போய் ராத்திரி தலைசுற்றல் என்று சொன்னால் மருந்து எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான். என் மனைவி ஒருமுறை எண்ணிப் பார்த்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பதினோரு டம்ளர் கழுவியதாகச் சொன்னாள். அன்று வந்த யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரவில்லை. ஒருவரின் அறிவைக் கேட்டுப் போகும்போது அந்த வீட்டின் நேரத்தையும் சேர்த்தே கேட்கிறோம். அடுத்த தடவை போகும்போது முதலில் பாட்டியிடம் பேசுங்கள்.

நன்றாகக் கேட்டவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு செவிலியர், நாற்பது வயது இருக்கும். முதலில் வந்தது நான்கு வரிச் செய்தி: யார் மூலம் என் எண் கிடைத்தது, அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், என்னிடம் இரண்டு பிரமாணம் இருக்கிறது, எந்த நாள் எந்த நேரம் உங்களுக்கு வசதி. வியாழக்கிழமை பத்து மணி என்றேன், பத்துக்கு வாசலில் நின்றார். தாள்களைக் கண்ணாடிக் காகித உறைகளில் போட்டு, வருட வரிசையில் அடுக்கி, ஜெராக்ஸில் பென்சிலால் பக்க எண் போட்டு வைத்திருந்தார். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் அவரே எடுத்திருந்தார். கேட்டது இரண்டு கேள்வி. நான் சொல்லச் சொல்ல அவரே எழுதிக்கொண்டார், எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டினார். ஒரு இடத்தில் நான், “இந்த எழுத்து தெளிவாக இல்லை, உறுதியாகச் சொல்ல மாட்டேன்” என்றேன். அதையும் அப்படியே எழுதிக்கொண்டார். மூன்றாவது பிரமாணம் ஒன்று பையில் இருந்ததைப் பார்த்தேன், அதை அவர் வெளியே எடுக்கவே இல்லை. “அது வேறு நாள் கேட்கிறேன்” என்று சொல்லி எழுந்துவிட்டார். நானே, “பரவாயில்லை, கொடுங்கள்” என்று வாங்கிப் பார்த்தேன். மூன்று மாதம் கழித்து, பத்திரம் முடிந்துவிட்டது, நீங்கள் சந்தேகப்பட்ட எழுத்து நகலில் தெளிவாக இருந்தது, நீங்கள் வாசித்ததே சரி என்று செய்தி அனுப்பினார். வருடக்கணக்காக வாசித்துக் கொடுத்திருக்கிறேன். பிறகு என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து சொன்னவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். நான் வாசித்தது சரியா தப்பா என்பதே எனக்குத் தெரியாமல் போய்விடுகிறது. பணத்தைவிட எனக்கு அந்தச் செய்திதான் வேண்டும்.

அவர் தன் கையால் செய்துகொண்டு வந்ததை நீங்களும் செய்யலாம். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்திலும், பட்டாவையும் புலப்படத்தையும் வருவாய்த் துறையின் இணையதளத்திலும் பெங்களூரிலிருந்தே எடுத்துவிடலாம். பழைய சர்வே எண்ணும் மறுநில அளவைக்குப் பிந்திய எண்ணும் வேறுவேறாக இருக்கும். இன்றைய எண் கையில் இருந்தால் வாசிக்கிறவருக்குப் பாதி சுமை குறையும். தாள் சிதைந்திருந்தால், ஆவண எண்ணும் ஆண்டும் தெரிகிற பட்சத்தில், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். அடுத்த விஷயம், மூலத்தை அவர் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். “இங்கேயே இருக்கட்டும், நேரம் கிடைக்கும்போது பாருங்கள்” என்று சொல்வது பெருந்தன்மை மாதிரித் தெரியும். உண்மையில் கறையானுக்கும் மழைக்கும் திருட்டுக்கும் அவரைக் காவல் வைத்துவிட்டுப் போகிறீர்கள்.

இனி அவருக்கு என்ன எழுதுவது? நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“பாட்டா, வணக்கம். நான் இன்னாரின் பிள்ளை, பெங்களூரிலிருந்து எழுதுகிறேன். கேட்காமல் நிறையப் படங்களை அனுப்பிவிட்டேன், அவற்றைப் பார்க்க வேண்டாம், அழித்துவிடுங்கள். வீடு இருக்கும் புரயிடத்தின் பிரமாணம் ஒன்று மட்டும் வாசிக்க வேண்டியிருக்கிறது, நான்கு பக்கம். யார் யாருக்கு எழுதியது, விலையா ஒற்றியா என்பது தெரிந்தால் போதும். வழக்கு எதுவும் இல்லை, எங்களுக்குள் பங்கு வைப்பதற்குத்தான். இப்போதும் இப்படிப் பார்த்துக் கொடுப்பது உண்டா, அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். முடியாவிட்டாலும் தாராளமாகச் சொல்லலாம், வேறு ஆளைத் தேடிக்கொள்கிறேன். ஓணத்துக்கு ஊருக்கு வருவேன், அதற்கு முன் அவசரம் இல்லை.”

இதில் ‘அழித்துவிடுங்கள்’ என்ற சொல்லுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன். அவர் தலையிலிருந்து அந்தக் குவியலை நீங்களே இறக்கி வைக்கிறீர்கள். அடுத்தது, வழக்கு இல்லை என்பது. அதைச் சொல்லாவிட்டால் நாளை யார் முன்னால் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்களோ என்ற பயம் இருந்துகொண்டே இருக்கும். வழக்கு உண்மையிலேயே இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். விலகிக்கொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது. நாங்கள் வாசித்துச் சொல்வது வாசிப்பு மட்டும்தான். யாருக்கு உரிமை என்பது வக்கீலைக் கேட்க வேண்டிய கேள்வி. “அப்படியானால் நிலம் எங்களுக்குத்தானே?” என்று ஒருபோதும் கேட்டுவிடாதீர்கள், அங்கேதான் நல்ல மனிதர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அவர் பேசுவதைச் சொல்லாமல் போனில் பதிவு செய்வதும் வேண்டாம். நான் யோசித்துக்கொண்டே முணுமுணுத்த ஒரு வாக்கியம், வெட்டி எடுக்கப்பட்டு ஒரு குடும்பக் குழுவில் சுற்றி வந்து என் போனுக்கே வந்து சேர்ந்தது.

பதில் வராவிட்டால்? பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். கேள்விக்குறி மட்டும் அனுப்புவது, “பார்த்தீர்களா?” என்று காலையும் மாலையும் குரல் செய்தி அனுப்புவது, அவர் மகனிடம் சொல்லி அழுத்தம் கொடுப்பது, இதெல்லாம் வேண்டாம். முடியாது என்று வந்தால் ஏன் என்று கேட்காமல், “வேறு யாரைக் கேட்கலாம்?” என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பெரும்பாலும் சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள்.

பணம். இதில் நம் ஊரில் இரண்டு பக்கமும் கூச்சம். கொடுக்கிறவர் நேரடியாகக் கேட்காமல், புறப்படும்போது வாசலில் வைத்து ஐநூறு ரூபாய்த் தாளைச் சட்டைப் பையில் திணிப்பார், வாங்குகிறவர் தள்ளுவார், தெரு முழுக்க வேடிக்கை பார்க்கும். இனிப்புப் பெட்டிக்கு அடியில் கவரை வைத்துவிட்டுப் போன ஒருவரைத் தேடித் திருப்பிக் கொடுக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. என் கருத்து தெளிவானது: முதல் செய்தியிலேயே, நேரத்தைக் கேட்கிற அதே வாக்கியத்தில், என்ன கொடுக்க வேண்டும் என்றும் கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்டால் அவமானம் இல்லை. வாசலில் திணித்தால்தான் கூலி மாதிரி ஆகிறது. அவர் ஒரு தொகை சொன்னால் பேரம் பேச வேண்டாம். “உறவுக்குள் என்ன பணம்” என்று சொன்னால் ஒரு தடவை வற்புறுத்தலாம், இரண்டாவது தடவை விட்டுவிட வேண்டும். அப்போது ஒரு சீப்பு மட்டிப்பழமோ, பாட்டிக்குப் பிடித்த ஏதாவதோ கொண்டு போனால் யாருக்கும் சங்கடம் இல்லை. ஆனால் பழத்தைக் கொடுத்துவிட்டு மீதி 39 பக்கத்தை எடுக்கக் கூடாது, அதைப் பாட்டாவே கண்டுபிடித்துவிடுவார்.

உறவு என்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான எண்ணம் உண்டு. பாட்டா முறை என்பதால் கேட்க உரிமை கூடுகிறது என்று நினைக்கிறோம். அந்நியரிடம் அவரால் முடியாது என்று சொல்ல முடியும். பேரப்பிள்ளை முறையில் வரும் உங்களிடம் அதைச் சொல்ல வாய் வராது, அதனால்தான் தூங்குகிறார். ஆகவே உறவுக்காரர்தான் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும், அவர் முடியாது என்று சொல்வதற்கு வழியையும் நாமே திறந்து வைக்க வேண்டும். அவர் உதவிய பிறகு, “என் மச்சானுக்கும் ஒரு பிரமாணம் இருக்கிறது, உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்” என்று சொல்வது இருக்கிறதே, அது வேலி போட்ட விளைக்குள் அடுத்தவர் மாட்டையும் சேர்த்து அவிழ்த்துவிடுவது மாதிரி. என்னிடம் வருகிற ஏழெட்டுப் பேரில் பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்.

வாசிக்கிறவர்கள் பக்கமும் குற்றம் இல்லாமல் இல்லை. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லத் தெரியாமல் ‘பிறகு’, ‘பார்ப்போம்’, ‘அடுத்த வாரம்’ என்று இழுத்தடித்துப் பிள்ளைகளை அலைய விடுகிறோம். நானும் அப்படி அலைய விட்டிருக்கிறேன். இப்போது செவ்வாய், வியாழன் காலை ஒன்பது முதல் பதினொன்று வரை என்று சொல்லிவிட்டேன். இரண்டு மாதம் ஊரில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

கடைசியாக உங்கள் பென்சில் குறிப்பு. அது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு. கொல்லம் ஆண்டு நம் பக்கத்தில் சிங்ஙம் முதல் தேதி பிறக்கிறது, அதாவது ஆகஸ்ட் நடுவில். அதிலிருந்து டிசம்பர் முடிய 824ஐக் கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து கடைசி மாதமான கர்க்கடகம் முடிய 825ஐக் கூட்டுங்கள். தனு மாதம் டிசம்பரில் ஒரு காலும் ஜனவரியில் ஒரு காலும் வைத்திருக்கும், அங்கே மட்டும் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மகரம் ஜனவரி நடுவில் தொடங்குவது. ஆகவே 1098 மகரம் 12 என்பது 1923 ஜனவரியின் கடைசி வாரம். வெளிப்பக்கத்துப் பென்சில் எழுத்தை மட்டும் நம்பிவிடாமல், உள்ளே பிரமாணத்தின் முதல் வரியையும் பாருங்கள். அன்றைய எழுத்துக்காரர்கள் ஆண்டு, மாதம், தேதியில்தான் தொடங்குவார்கள். இந்த ஒன்றுக்காகப் பாட்டாவைக் கூப்பிட வேண்டாம். இதைச் சொல்ல எனக்கு உண்மையாகவே ஒரு நிமிடம்தான் ஆயிற்று.